மூணு காயிலும் ஒரே நாள்ல சாகுமா? கிள்ளான் பக்கத்துல ஒரு போட் இஞ்சின் பெங்கெல் (ரிப்பேர் கடை)

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு இதுல வராது. ரிவ்யூ எழுதவா அங்கிள்னு கேட்டேன், எழுது ஆனா பேரு போடாதே, ஏற்கெனவே ஏழு இஞ்சின் ஸ்டாண்டுல தொங்குது, இன்னும் ஆளு வந்தா நான் எப்ப மீன் பிடிக்க போறதுன்னு கேட்டாரு. போர்டும் கிடையாது, இருந்த போர்டு மழையில வெளுத்து போய் ஒரு சீன எழுத்து மட்டும் பாதி தெரியுது. கிள்ளான்லேர்ந்து கடலுக்கு போட் எறக்குற ஆளுங்களுக்கு ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) பின்னால சகதி ரோட்டுல தகர கூரை போட்ட அந்த எடம் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்க ஜெட்டியில யார கேட்டாலும் கை காட்டுவாங்க.

எங்க போட் 23 அடி ஃபைபர், நானும் ரெண்டு கூட்டாளிங்களும் சேர்ந்து வாங்குனது, பின்னால 200 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் வி6, இன்ஜெக்ஷன் மாடல், செக்கன் ஹேன்ட். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, இந்த கதையில கம்பெனி மேல தப்பே இல்ல, சும்மா அவன் பேரு கெட்டு போகும். வாங்கி எட்டு மாசம் வரைக்கும் ஒரு பிரச்சன இல்ல. அப்புறம் ஐட்லிங்ல, அதாவது லீவர தள்ளாம இஞ்சின் சும்மா மெதுவா சுத்தும்போது, ஆட ஆரம்பிச்சுது. ஆட்டம்னா சும்மா ஆட்டம் இல்ல, கப்புல ஊத்துன தே தண்ணி டேஷ்போர்டு மேல நடந்து போயி விழுகுற ஆட்டம். காலையில ஸ்டார்ட் பண்ணா அழகா ஓடும், ஒரு அஞ்சு பத்து நிமிஷம் சூடு ஏறுனதும் புர்ர்ர்னு இழுத்து டக் டக்குன்னு அடிச்சு அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி எறங்கும், கியர் போட்டா பாதி நேரம் அப்படியே நின்னு போயிரும். ஆனா லீவர தள்ளி 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 4000 சுத்து) கொண்டு போனா ஒண்ணுமே நடக்காத மாதிரி பறக்கும். இதுதான் எங்கள ரொம்ப கொழப்புனது, வேகமா ஓடுற இஞ்சின் எப்படி மெதுவா ஓடும்போது மட்டும் சீக்காளி ஆவுது.

தெங்கிரி மீனுக்கு தூண்டில பின்னால போட்டு மெதுவா இழுத்துகிட்டு போறவங்களுக்கு இது எவ்ளோ தொல்லைன்னு தெரியும். ஒரு தடவ வெஸ்ட்போர்ட் துறைமுகம் பக்கம், கன்டெய்னர் கப்பல் போற வழிக்கு ரொம்ப தள்ளி இல்லாம, வேகத்த கொறச்சேன், நின்னு போச்சு. மூணு தடவ சாவி திருப்பியும் எடுக்கல. கப்பல் எங்க மேல வரல, தூரத்துலதான் போச்சு, ஆனா அவன் அடிச்ச ஹார்ன் நெஞ்சுக்குள்ள வந்து அடிச்சுது. என் கூட்டாளி அன்னிக்கு வீட்டுக்கு போனதும் போட்ட வித்துரலாம்னு மெசேஜ் போட்டான்.

மொதல்ல ஒரு மெக்கானிக்க கூப்புட்டோம், வீட்டுக்கே வந்து பாக்குற ஆளு, அவரு பேரும் வேணாம். தண்ணி பைப்புல இயர் மஃப் (இஞ்சினுக்கு கூலிங் தண்ணி கொடுக்குற ரப்பர் மூடி) மாட்டி போட்ட டிரெய்லர் மேலயே வச்சு ஸ்டார்ட் பண்ணாரு, ஐட்லிங்ல பிளக் வயர ஒண்ணொண்ணா புடுங்குனாரு. வலது பக்கம் புடுங்கும்போது சத்தம் மாறுது, இடது பக்கம் மூணையும் புடுங்குனா ஒரு மாத்தமும் இல்ல. பிளக்க கழட்டி காட்டுனாரு, இடது பக்கம் மூணும் ஆயில்ல குளிச்சு கறுப்பா இருக்கு. பாத்தீங்களா பாஸ், இந்த பக்கம் மூணு சிலிண்டரும் செத்து போச்சு, காயில், அதாவது பிளக்குக்கு கரண்டு ஏத்தி கொடுக்குற சாமான், மூணும் போயிருக்குன்னாரு. எங்களுக்கு கண்ணு முன்னாடி பாத்ததால நம்பிட்டோம். மூணு காயில், ஆறு பிளக், கூலி எல்லாம் சேத்து 1,460 வெள்ளி (ரிங்கிட்). மாட்டுனதும் அதே ஆட்டம். அப்ப சிடிஐ யூனிட் (காயிலுக்கு கரண்டு அனுப்புற பொட்டி) போயிருக்கும், 3,000 வெள்ளிக்கு பக்கம் ஆகும்னாரு. போறதுக்கு முன்னாடி நிக்காம இருக்கட்டும்னு சொல்லி ஐட்லிங் ஸ்குருவ ரெண்டு சுத்து ஏத்தி விட்டுட்டு போனாரு. அந்த ரெண்டு சுத்து எவ்ளோ பெரிய வேலைய இழுத்து வச்சுதுன்னு பின்னாடி சொல்றேன்.

அந்த 3,000த்த கொடுக்க போற நேரத்துலதான் ஜெட்டியில வலை பின்னிகிட்டு இருந்த ஒரு அபாங் (மலாய்க்கார அண்ணன்) இந்த அங்கிள சொன்னாரு. சனிக்கிழம காலையில போனேன். உள்ளார எங்க பாத்தாலும் இஞ்சின் கவர், பழைய புரோப்பெலர், மேஜையில ஒரு கோப்பி டின்னு நெறய கழட்டுன பிளக். பக்கத்துல நம்ம பையன் ஒருத்தன் வேல செய்யுறான், இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு இருக்கும், கேரித்தீவு பக்கத்து பையன், வாங்கண்ணேன்னு நாற்காலி போட்டான். அங்கிள் சீனரு, எழுவது வயசுக்கு மேல. சின்ன வயசுல எஸ்டேட் பக்கத்துல வளந்தவராம், தமிழ் சில நேரம் என்ன விட நல்லா வருது, கோவம் வந்தா மட்டும் மலாய்க்கு மாறிடுறாரு.

கதைய பூரா சொன்னேன். இடது பக்கம் மூணும் செத்து போச்சுன்னு சொன்ன எடத்துல கைய நீட்டி நிறுத்துனாரு. "மூணு காயிலும் ஒரே நாள்ல சாகுமா? மூணும் ஒரே வீட்டு புள்ளைங்களா?" அப்படின்னு கேட்டாரு. பையன் சிரிச்சுட்டான். நானும் சிரிச்சேன், 1,460 வெள்ளி கொடுத்தவன் சிரிக்கிற மாதிரி.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு அது வரைக்கும் யாருமே சொல்லாதது. "பூக்கான் மாத்தி லா. திடோர்." சாகல, தூங்குது. இந்த மாதிரி பழைய பெரிய டூ ஸ்ட்ரோக் வி6ல சில மாடல் ஐட்லிங்ல வேணும்னே கொஞ்சம் சிலிண்டர நிறுத்தி வச்சிரும். காரணம் கேட்டேன். டூ ஸ்ட்ரோக்ல எரிஞ்ச பொகைய வெளிய தள்ளுறதே புதுசா உள்ள வர்ற கலவதான். ஐட்லிங்ல திராட்டல் (காத்து உள்ள போற கதவு) மூடி இருக்கு, உள்ள வர்றதே கொஞ்சம், அதனால பழைய பொகை பாதி உள்ளயே நின்னுரும், அதுக்குள்ள தீப்பொறி விழுந்தா சில நேரம் புடிக்கும் சில நேரம் புடிக்காது. அங்கிள் பாணியில சொன்னா, ஒரு தட்டு சோத்த ஆறு பேருக்கு பிரிச்சா ஒருத்தனுக்கும் பத்தாது, மூணு பேர படுக்க வச்சுட்டு மத்த மூணு பேருக்கு கொடுத்தா அவனுங்க ஒழுங்கா வேல செய்வானுங்க. எரிய வேண்டிய மூணு சிலிண்டரும் கொஞ்சம் அதிகமா தெறந்த திராட்டல்ல வேல செய்யறதால சுத்தமா எரியும், பெட்ரோலும் மிச்சம். எங்க இஞ்சின்ல சூடு ஏறுன பொறகு ஐட்லிங்ல இடது பக்கம் பூரா படுத்துக்கும், லீவர கொஞ்சம் தள்ளுனதும் எந்திரிச்சுக்கும். அது ஏன் ஒரு பக்கம் பூரான்னா, நெருப்பு விழற வரிசை வலது இடதுன்னு மாறி மாறி போகுது, ஒரு பக்கத்த மட்டும் நிறுத்துனா மிச்சம் மூணும் சம இடைவெளியில அடிக்கும். மாடலுக்கு மாடல் எத்தன சிலிண்டர், எந்த சிலிண்டர்னு மாறும், அதனால உங்க இஞ்சின் மேனுவல பாக்காம நான் சொன்னேன்னு போயி சண்ட போடாதீங்க.

காருல இருக்கே, ஹோண்டா அக்கோர்ட் வி6ல விசிஎம்னு சிலிண்டர நிறுத்தி வைக்கிற வசதி, அதுவும் இதே சங்கதியான்னு கேட்டேன். தலைகீழுன்னாரு. கார் ஹைவேல நிதானமா ஓடும்போது சிலிண்டர நிறுத்தும், இது நின்ன எடத்துல நிறுத்தும். வேல ஒண்ணுதான், காரணம் வேற.

இப்ப யோசிச்சு பாருங்க, தூங்குற சிலிண்டரோட வயர ஐட்லிங்ல புடுங்குனா என்ன மாத்தம் வரும்? ஒண்ணும் வராது. ஐட்லிங்ல ரொம்ப நேரம் ஓட்டி நிறுத்தி பிளக்க பாத்தா? ஆயிலா கறுப்பாத்தான் இருக்கும், ஏன்னா பெட்ரோல் நிக்குது ஆனா ஆயில் பம்பு எல்லா பக்கமும் ஆயில் கொடுத்துகிட்டே இருக்கு, அந்த ஆயில எரிக்க உள்ள ஒண்ணும் எரியறது இல்ல. அதாவது மொத மெக்கானிக்கு பாத்தது எல்லாமே நெசம், புரிஞ்சுகிட்டது மட்டும் தப்பு. இன்னொன்னும் பையன் சொன்னான், இந்த மாதிரி சிடிஐ இஞ்சின்ல ஓடும்போது வயர சும்மா அந்தரத்துல புடுங்கி விட்டா கரண்டு போக வழி இல்லாம நல்லா இருக்குற காயிலயும் யூனிட்டயும் அதுவே கொன்னுரும், எர்த் பண்ணித்தான் பாக்கணும்.

ஆனா தூங்குறது நார்மல்னா எங்க இஞ்சின் ஏன் நிக்குது? அதத்தான் கண்டுபுடிக்கணும், அதுக்கு தண்ணியில பாக்கணும், மூணு மணிக்கு ஆயேர் (கடல் தண்ணி) ஏறும், போட்ட எறக்கி ஜெட்டியில கட்டுங்கன்னுட்டாரு. டிரெய்லர்ல மஃப் மாட்டி பாக்குற ஐட்லிங் ஐட்லிங்கே இல்லயாம், வெளிய போற பொகைக்கு தண்ணியோட எதிர்ப்பு இருக்கணும், புரோப்பெலருக்கு சொமை இருக்கணும். இதுக்கு நான் தனியா ஒரு ஸ்டார் கொடுப்பேன். சோம்பேறி மெக்கானிக் எவனும் சகதிக்குள்ள எறங்க மாட்டான்.

மூணு மணிக்கு ஆரம்பிச்சாரு. மொத வேல, எங்க போட்டு டேங்க தொடவே இல்ல, அவரோட சின்ன டேங்க், அவரோட ஹோஸ், அவரோட பல்ப் (ஹோஸ்ல கையால அமுக்கி பெட்ரோல தள்ளுற ரப்பர் பந்து), அதுல புது பெட்ரோல். ஆட்டம் அப்படியே இருந்துச்சு, அப்ப போட்டுல இருக்குற ஃபில்டர், தண்ணி கலந்த பெட்ரோல், காத்து இழுக்குற ஹோஸ் இதெல்லாம் ஒரே அடியில லிஸ்ட்லேர்ந்து போச்சு. ஆடும்போது பல்ப அமுக்கி அமுக்கி பாத்தாரு, அமுக்குனா சரியாச்சுன்னா பம்பு வீக்காம், ஒண்ணும் ஆகல. அடுத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்ளோ வருதுன்னு, சூடா இருக்கும்போதே ஆறு பிளக்கயும் கழட்டி, நெருப்ப ஆஃப் பண்ணி, திராட்டல பூரா தெறந்து வச்சு. 108, 110, 106, 109, 107, 110. சிலிண்டருக்கு சிலிண்டர் பத்து பர்சன்ட்டுக்குள்ள இருந்தா போதும், இது நல்லா இருக்குன்னாரு. நாங்க மூணு பேரும் விட்ட மூச்சுல போட்டே நகந்துருக்கும்.

அப்புறம் டைமிங் லைட்ட எடுத்து ஒவ்வொரு வயர்லயும் மாட்டுனாரு. ஆறுலயும் மினுக்குது. இடது பக்கமும்! அப்ப நெருப்பு இருக்கு, காயில் ஓக்கே, பழைய காயிலும் ஓக்கேயாத்தான் இருந்துருக்கும். எங்க இஞ்சின் தூங்க வைக்கிறது நெருப்ப நிறுத்தி இல்ல, இன்ஜெக்டர நிறுத்தி. சில மாடல்ல நெருப்பயே நிறுத்துமாம், அப்ப லைட்டு மினுக்காது, அதையும் பாத்துட்டு காயில் செத்துச்சுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்களாம்.

அடுத்ததுதான் எனக்கு புடிச்ச கட்டம். நீட்டு ஸ்குரூ டிரைவர் ஒண்ண எடுத்து என் கையில கொடுத்தாரு. முனைய வலது பக்கம் மொத இன்ஜெக்டர் மேல வை, பிடிய காதுல வை. வச்சேன். டிக் டிக் டிக்குன்னு கடிகாரம் மாதிரி, கொஞ்சம் கோவமான கடிகாரம். ரெண்டாவது, மூணாவது, அதே. இடது பக்கம் வச்சேன். மௌனம். இஞ்சினோட குலுக்கல் மட்டும் எலும்புல வருது, டிக் இல்ல. காத எடுக்காதேன்னு சொல்லிட்டு அங்கிள் லீவர ஒரு விரக்கடை தள்ளுனாரு, பட்டுன்னு அந்த பக்கமும் டிக் டிக் டிக் டிக். முழிச்சுகிச்சு! திருப்பி கொறச்சாரு, தூங்கிருச்சு. வாங்குன நாள்லேர்ந்து எங்க இஞ்சினுக்குள்ள இது நடந்துகிட்டு இருக்கு, எங்களுக்கு தெரியல. என் கூட்டாளி ஸ்குரூ டிரைவர புடுங்கி அவனும் கேட்டான், அப்புறம் இன்னொருத்தன், அங்கிள் பொறுமையா மூணு தடவ லீவர ஆட்டி காட்டுனாரு. காசு வாங்குற வேலையில இப்படி சொல்லி கொடுக்குற ஆளு எங்க இருக்காங்க.

அப்பதான் அந்த ரெண்டு சுத்து சமாச்சாரம் வெளிய வந்துச்சு. ஐட்லிங் ஸ்குருவ ஏத்துனதால திராட்டல் கொஞ்சமா தெறந்தே நிக்குது, அதுல இருக்குற சென்சார் கம்ப்யூட்டருக்கு பாதி ஐட்லிங் பாதி இல்லன்னு சொல்லுது, கம்ப்யூட்டர் ஒரு செகண்ட் மூணு சிலிண்டர படுக்க வைக்குது, அடுத்த செகண்ட் எழுப்புது. மூச்சு வாங்குற மாதிரி ஏறி எறங்குனது கடைசில இன்னும் மோசமானது அதனாலதான். ஸ்குருவ பழைய எடத்துக்கு கொண்டு வந்து, மல்டி மீட்டர் வச்சு சென்சார் வோல்ட்ட மேனுவல்ல இருந்த நம்பருக்கு, எங்களோடது அரை வோல்ட் பக்கம், சரி பண்ணாரு. ஏறி எறங்குறது நின்னுச்சு. ஆனா இப்ப அசல் நோய் அம்மணமா தெரிஞ்சுது, 600க்கு கிட்ட வந்ததும் உதறி உதறி நிக்குது.

இப்ப முழிச்சிருக்குற மூண மட்டும் ஒண்ணொண்ணா எர்த் பண்ணி பாத்தாரு. ஒண்ணாம் நம்பர எர்த் பண்ணா 100க்கு மேல விழுது, நிக்க பாக்குது. அஞ்சாம் நம்பரும் அப்படித்தான். மூணாம் நம்பர எர்த் பண்ணா டேக்கோமீட்டர் முள்ளு 20 கூட நகரல. பாத்தியா, மூணு பேர வேலைக்கு வச்சுருக்கு, அதுல ஒருத்தன் கள்ளத்தனம் பண்றான், ரெண்டு பேர் மேல இஞ்சின் நிக்குதுன்னாரு. எல்லாம் ஓடும்போது ஆறுல ஒண்ணு கள்ளத்தனம் பண்ணா தெரியாது, மூணுல ஒண்ணு பண்ணா போட்டே ஆடும். ஒரு வருஷமா டாக்டர் கிட்ட போயிகிட்டு இருக்குறவனுக்கு மொத தடவையா வியாதி பேரு சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு.

மூணாம் நம்பர் ஏன் வேல செய்யல? காத்து உள்ள போற வாய மூடியிருக்குற சைலன்சர் பொட்டிய கழட்டிட்டு திராட்டல் வாய் முன்னாடி ஒரு டிஷ்யூ பேப்பர புடிச்சாரு. மத்த வாய்ல காஞ்சே இருக்கு, மூணாம் நம்பர்ல மட்டும் பேப்பர்ல சின்ன சின்ன ஈர பொட்டு, மோந்து பாத்தா பெட்ரோலு ஆயிலு வாடை. உள்ள போக வேண்டியது திருப்பி துப்புது. ரீட்டு, வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு இஞ்சின நிறுத்திட்டாரு.

ரீட்டுன்னா தெரியாதவங்களுக்கு, காத்தும் பெட்ரோலும் கிராங்க் கேஸ் (சிலிண்டருக்கு போறதுக்கு முன்னாடி கலவ சேருற பொட்டி) உள்ள போற வழியில இருக்குற மெல்லிசு இதழ், ஒரு பக்கம் மட்டும் தெறக்குற கதவு மாதிரி. பையன் இன்டேக்க கழட்டி ரீட் பிளாக்க எடுத்து வெயிலுக்கு நேரா புடிச்சான். மத்ததுல எல்லாம் இதழ் ஒட்டி படுத்து இருக்கு, வெளிச்சம் வரல. மூணாவதுல ஒரு இதழோட மூலை காணோம், வெட்டுன நகம் அளவு, அந்த எடத்துல வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணுல குத்துது. இவ்ளோதான். இந்த நகத்துண்டுதான் எங்கள கப்பல் வழியில நிறுத்துனது. வேகமா போகும்போது இதழ் தெறந்து மூடுற அவசரத்துல அந்த ஓட்டை கணக்குலயே வராது, ஐட்லிங்லதான் துப்பும். வேகமா ஓடுற இஞ்சின் மெதுவா ஓடும்போது ஏன் சீக்காளின்னு ஆரம்பத்துல கேட்டேன்ல, பதில் கெடச்சுருச்சு.

ஒடஞ்ச துண்டு எங்க போச்சுன்னு பயந்தேன். இது ஃபைபர் இதழ், உள்ள போயி எரிஞ்சு போயிருக்கும், கம்ப்ரஷன் நல்லா இருக்கு, தூங்க போன்னாரு. இரும்பு இதழா இருந்தா சிலிண்டர தொறந்து பாத்திருப்பேன்னும் சொன்னாரு.

ஒரு இதழ மட்டும் மாத்தல, வலது பக்கம் பூரா புதுசு போட்டாரு, கேஸ்கெட்டும் புதுசு. பார்ட்ஸ் வர நாலு நாள் ஆகும்னாரு, ஒம்போது நாள் ஆச்சு. கூலி 350, ரீட்டும் கேஸ்கெட்டும் 430, மொத்தம் 780 வெள்ளி. மொத ஆளுக்கு கொடுத்ததுல பாதிக்கு கொஞ்சம் மேல. கழட்டுன பழைய காயில் மூணும் என் காருல கெடந்துச்சு, கொண்டாந்து காட்டுனேன், மூணையும் மீட்டர்ல வச்சு பாத்துட்டு நல்லாத்தான் இருக்கு ஸ்பேரா வச்சுக்கன்னாரு. வேற யாராச்சும்னா தூக்கி போடு, நான் வச்சுக்கறேன்னு சொல்லியிருப்பான்.

இப்ப எப்படி இருக்குன்னா, கியர் போட்டு 650ல நிக்குது, நிக்காம நிக்குது, நான் என்ன சொல்றேன்னு புரியும்னு நெனக்கிறேன். ஆட்டம் சுத்தமா போயிருச்சான்னா இல்ல. அது மூணு சிலிண்டர்ல ஓடுற இஞ்சின், ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி பூனையாட்டம் உக்காராது, அங்கிளே முன்கூட்டியே சொல்லிட்டாரு, இந்த அளவு ஆட்டம் அதோட பொறவி, இதுக்கு மேல சரி பண்ண வர்றவன் உன் பாக்கெட்ட சரி பண்ண வர்றான்னு. இஞ்சின் மவுன்ட் ரப்பர் கீழ ரெண்டும் கொஞ்சம் தளந்துருக்கு, அத மாத்துனா இன்னும் அடங்கும், ஆனா அவசரம் இல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. நானே மாத்துங்கன்னு சொல்லியும் மாத்தல, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான் உண்மைய சொன்னா.

இன்னொரு புத்தியும் சொல்லி அனுப்புனாரு. அர மணி நேரம் மெதுவா இழுத்தா நடுவுல ஒரு நிமிஷம் 3000க்கு ஏத்து, தூங்குற மூணும் எந்திரிச்சு மேல தங்குன ஆயில எரிச்சுக்கும், இல்லன்னா பிளக்கு மறுபடி குளிச்சுரும். பிளக் பாக்கணும்னா ஐட்லிங்ல ஓட்டிட்டு பாக்காதே, வேகமா ஓட்டிட்டு அப்படியே சாவிய நிறுத்தி பாரு, அப்பதான் பிளக்கு உண்ம பேசும். அர மணிக்கு ஒருக்கா ஏத்துறேன், மீன் ஓடிருதுன்னு கூட்டாளி திட்டுறான், திட்டட்டும்.

இனி கொற. ஃபோன் எடுக்கவே மாட்டாரு, மெசேஜ் அனுப்புனா ரெண்டு நாள் கழிச்சு கட்டைவெரல் ஒண்ணு வரும், அது சரின்னு அர்த்தமா பாத்தேன்னு அர்த்தமான்னு இன்னும் தெரியல. ரசீது கேட்டா நோட்டு புக்குல கிழிச்சு கொடுப்பாரு. உக்கார எடம் கெடையாது, அந்த ஒரு நாற்காலியும் பூனைக்கு சொந்தம், சாயந்தரம் ஆனா அகாஸ் (கடிக்கிற பொடி பூச்சி) கடிச்சு கால் பூரா வீங்கும், எண்ணெய் எதாச்சும் தேச்சுகிட்டு போங்க. நாலு நாள்னா ஒம்போது நாள்னு எழுதி வச்சுக்குங்க. ஆயேர் நல்லா இருக்குற நாளுன்னா கடையே தொறக்க மாட்டாரு, அவரும் மீனுக்கு போயிருவாரு, இத கேட்டு ஒருத்தர் அங்க கத்திகிட்டு இருந்தத நானே பாத்தேன். சீன பெருநாளுக்கு ரெண்டு வாரம் பூட்டு. புது ஃபோர் ஸ்ட்ரோக், கம்ப்யூட்டர் மாட்டி பாக்குற மாடலு வச்சுருக்குறவங்க அங்க போயி பிரயோஜனம் இல்ல, அந்த லேப்டாப்பு சாமானெல்லாம் அவர்கிட்ட கெடையாது, ஏஜென்சிக்கே போங்கன்னு அவரே அனுப்பிருவாரு.

வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, வெலைக்கு நாலரை, நேரத்துக்கு ரெண்டுதான் கொடுப்பேன், அதுலயும் ஒண்ணு அந்த பையனுக்காக, அவன்தான் ஒம்பதாவது நாள் அவனாவே ஃபோன் அடிச்சு அண்ணே பார்ட்ஸ் வந்துருச்சுன்னு சொன்னான்.

போறவங்க சனிக்கிழம பத்து மணிக்கு முன்னாடி போங்க. இஞ்சின் மாடல் நம்பர ஃபோட்டோ புடிச்சுகிட்டு போங்க, மேனுவல் இருந்தா கையோட எடுத்துட்டு போங்க, காலையில சூடு இல்லாம ஸ்டார்ட் பண்றதையும் சூடான பொறகு ஆடுறதையும் வீடியோ எடுத்து காட்டுனா பாதி வேல அங்கயே முடிஞ்சுரும். கேட்டுல கறுப்பு நாய் ஒண்ணு இருக்கு, கொலைக்கும், கடிக்காதுன்னு அங்கிள் சொல்றாரு, என் கூட்டாளி பேன்ட்ட கேட்டா வேற மாதிரி சொல்லும், அதனால எறங்காம ஹார்ன் அடிங்க, பையன் வந்து புடிச்சுக்குவான்.